இணையத்தளம் ஆக்கலும் காத்தலும்

ஒரு நூல் அச்சேறி வெளிவந்ததும் அதனை ஆக்கியோனுடைய தொழில் பெரும்பாலும் முடிவெய்திவிடுகின்றது. அச்சகத்தினின்றும் வெளிப்போந்த அந்நூல், பின்னர் எவருடைய துணையையும் வேண்டாது, பெட்டகத்தில் ஐம்பது ஆண்டு கிடப்பினும், எடுத்துப் படிப்போர்க்குத் தன் பொருளைக் குறைவறக் கொடுக்கும். இணையத்தளம் அத்தகையதன்று. அஃது ஆக்கப்பட்ட நாளிலேயே அதனைக் காக்குங் கடனும் உடன்பிறந்துவிடுகின்றது. காப்பாரற்ற தளம் வெறுமனே பழமையடைவதோடு நில்லாது, பிறர் கைப்பட்டுப் பொய்யுரைக்குங் கருவியாகவும் மாறிவிடக்கூடும். இவ்வேற்றுமையை உணராமையே, திறப்புவிழா நாளிற் பொலிவோடு விளங்கிய தளங்கள் பல இரண்டொரு ஆண்டுகளுள் மறைந்தொழிவதற்குத் தலையாய காரணமாகும். இன்று உலகின் நிறுவனங்கள் பல தம் தளங்களை ஆக்குதற்குப் பயன்படுத்துவன திறந்த மூல உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகளே. அவற்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்ந்து, இத்தகைய ஆக்கம் ஒன்றினை நெடிது வாழச் செய்வது யாது என்னும் வினாவுக்கு விடை காண முயல்வாம்.

உலகளாவிய வலை என்னும் அமைப்புச் சுவிற்சலாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ண் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்திலே தோன்றியது. ஆங்கு பணிபுரிந்த ரிம் பேணர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் 1989 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 ஆம் நாள் அந்நிலையம் வலைக்குரிய மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. வலை உலகெங்கும் பரந்தமைக்கு இவ்வறிவிப்பு ஒரு பெருங் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலர்க்கும் உடன்பாடு. தொடக்கத்தில் ஒரு தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக, எச்.ரி.எம்.எல். எனப்படும் குறிமொழியிற் கையால் எழுதப்பட்டது. பத்துப் பக்கமுடைய தளத்துக்கு இம்முறை போதியதாயிருந்தது. ஆயின், பக்கங்கள் நூறாகவும் ஆயிரமாகவும் பெருகியபோது இடர் எழுந்தது. தலைப்பிலே ஒரு சொல்லை மாற்றவேண்டின் எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தவேண்டியிருந்தது. குறிமொழி அறியாத ஆசிரியர் ஒருவர், தாம் எழுதிய அறிவித்தலைத் தாமே வெளியிட இயலாது, அது தெரிந்தவரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

இவ்விடரைத் தீர்க்கவந்தவையே உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகள். பொருளையும் தோற்றத்தையும் வேறுபிரித்தலே இவற்றின் அடிப்படைக் கொள்கை. கட்டுரைகளும் அறிவித்தல்களும் ஒரு தரவுத்தளத்திலே சேர்த்துவைக்கப்படும். பக்கத்தின் வடிவத்தை வகுக்கும் வார்ப்புருக்கள் பிறிதோரிடத்தில் இருக்கும். வாசகர் ஒருவர் பக்கத்தை வேண்டும்பொழுது, வழங்கி என்னும் கணினியிலுள்ள நிரல், பொருளைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, வார்ப்புருவிற் பொருத்தி, அக்கணமே பக்கத்தை இயற்றிக் கொடுக்கும். எனவே, வார்ப்புருவை ஒருமுறை மாற்றின் ஆயிரம் பக்கங்களின் தோற்றமும் மாறும். எழுதுவோர், திருத்துவோர், நிருவகிப்போர் என்று அதிகாரத்தைப் பகுத்தளிக்கவும் இயலும். இவற்றை இயற்றுதற்கு வேண்டிய பி.எச்.பி. என்னும் நிரல்மொழியும், மைசீக்குவெல் என்னும் தரவுத்தளமும், அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளும் 1995 ஆம் ஆண்டையொட்டி வெளிவந்து, பொருள் வசதியற்ற மாணாக்கர்க்கும் எட்டுவனவாயிருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, திறந்த மூலம் என்பதன் பொருளை நோக்குவாம். மென்பொருளை இயற்றுவோர் எழுதும் நிரல் வரிகளே அதன் மூலம் எனப்படும். வணிக நிறுவனங்கள் பல அம்மூலத்தை மறைத்துவைத்துப் பயனை மட்டும் விற்றுவந்தன. இதற்கு மாறாக, றிச்சட் ஸ்ரோல்மன் என்பார் 1983 ஆம் ஆண்டிலே கனூ என்னும் திட்டத்தை அறிவித்து, மென்பொருளைப் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்னுங் கொள்கையை நிலைநாட்ட முற்பட்டார். 1989 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிடப்பட்டு, 1991 ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பைப் பெற்ற கனூ பொது உரிமம் இவ்வுரிமைகளுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இவ்வுரிமத்தின்கீழ் வந்த நிரலை மாற்றி வழங்குவோர், தாமும் அதே உரிமத்தோடு மூலத்தை வழங்கவேண்டும் என்பது அதன் உயிர்நிலையான விதி. திறந்த மூலம் என்னுந் தொடர் 1998 ஆம் ஆண்டிலே வழக்குக்கு வந்தது. இவ்வுரிமத்தின் ஆற்றல் எத்தகையது என்பதைப் பின்வரும் மூன்று முறைமைகளின் பிறப்பு வரலாறு தெளிவுறுத்தும்.

முதலாவது துருபல். 2000 ஆம் ஆண்டிலே பெல்ஜியம் நாட்டின் அன்ற்வேர்ப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கராயிருந்த திறீஸ் பைற்றாட்டும் அவருடைய நண்பர் ஹான்ஸ் சினைடரும், தம் விடுதி மாணாக்கர் இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டுக் கம்பியில்லா வலையமைப்பொன்றை நிறுவினர். செய்திகளை ஒருவர்க்கொருவர் அறிவித்துக்கொள்ளுதற்குப் பைற்றாட் சிறியதொரு அறிவித்தற் பலகை நிரலை எழுதினார். கல்வி முடிந்து நண்பர் பிரிந்தபோது தொடர்பு அறாதிருத்தற்பொருட்டு அதனை வலையில் ஏற்றினர். டச்சு மொழியிற் சிற்றூரைக் குறிக்கும் டோர்ப் என்னுஞ் சொல்லைத் தளத்தின் பெயராகப் பதிய எண்ணியவர், எழுத்து மாறியமையால் துரொப் என்னும் பெயரைப் பெற்றனர் என்பது சுவையான செய்தி. ஆங்கிலத்தில் துளி என்று பொருள்படும் அச்சொல்லுக்கு ஒத்த டச்சுச் சொல்லினின்றும் துருபல் என்னும் பெயர் பிறந்தது. 2001 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள் அந்நிரல் கனூ பொது உரிமத்தோடு வெளியிடப்பட்டது. விடுதி மாணாக்கர் சிலர்க்காக எழுதப்பட்ட அந்நிரல், 2009 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் வெள்ளை மாளிகைத் தளத்தையே தாங்கி நின்றது. எட்டு ஆண்டுகளின் பின், 2017 ஆம் ஆண்டு டிசம்பரில், அத்தளம் வேர்ட்பிரஸ் முறைமைக்கு மாற்றப்பட்டது.

இரண்டாவது ஜூம்லா. இதன் வரலாறு ஒரு பிரிவினையின் வரலாறாகும். அவுஸ்திரேலியாவிலிருந்த மீரோ என்னும் நிறுவனம் மாம்போ என்னும் முறைமையைத் தோற்றுவித்து, 2001 ஆம் ஆண்டிலே பொது உரிமத்தோடு வெளியிட்டது. பல நாடுகளிலுமிருந்து தொண்டர் பலர் அதனை வளர்த்தனர். 2005 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மாம்போவுக்கென ஓர் அறக்கட்டளையை அமைத்தபோது, அதன் அமைப்பிலே தமக்குத் தக்க பங்கில்லை எனவும், கட்டுப்பாடு நிறுவனத்தின் கையிலேயே தங்கும் எனவும் நிரலாளர் கருதினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் முதன்மை நிரலாளர் குழு ஒருங்கே வெளியேறியது. மாம்போ என்னும் பெயரை அவர்களால் எடுத்துச்செல்ல இயலவில்லை. அது நிறுவனத்தின் வணிகக் குறியாயிற்று. ஆயின், நிரலை எடுத்துச்செல்லுதற்கு உரிமம் இடங்கொடுத்தது. சுவாகிலி மொழியில் எல்லாரும் ஒருங்கே என்னும் பொருள்தருஞ் சொல்லினின்றும் ஜூம்லா என்னும் புதுப்பெயரை அமைத்துக்கொண்டு, செப்டெம்பர் மாதத்திலேயே முதற் பதிப்பை வெளியிட்டனர். மாம்போவின் புதிய பதிப்புகள் 2008 ஆம் ஆண்டோடு நின்றுபோயின. ஜூம்லா இன்றும் வாழ்கின்றது. பெயரை உடையோர் நிரலை இழந்தாரல்லர். நிரலை வளர்ப்போரை இழந்தனர். அவ்விழப்பே அம்முறைமைக்கு முடிவாயிற்று.

மூன்றாவது வேர்ட்பிரஸ். பிரான்சு நாட்டவரான மிசேல் வால்திறீகி 2001 ஆம் ஆண்டிலே பீ2 என்னும் சிறு முறைமையொன்றை இயற்றிப் பொது உரிமத்தோடு வழங்கினார். 2002 ஆம் ஆண்டின் பின் அவர் அதனைத் தொடரவில்லை. அதனைப் பயன்படுத்திவந்தோர் திகைத்தனர். 2003 ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் வாழ்ந்த பத்தொன்பது வயதினரான மற் முலன்வெக், அந்நிரல் பொது உரிமத்தின்கீழ் உள்ளமையால் அதனைத் தாம் எடுத்து வளர்க்கக்கூடும் என்று தம் தளத்தில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிற்றில் என்பார் தாமும் உடனுழைக்க ஆயத்தம் என்று மறுமொழி விடுத்தார். ஒருவரையொருவர் நேரிற் காணாத இவ்விருவர் முயற்சியால் அவ்வாண்டு மே மாதம் 27 ஆம் நாள் வேர்ட்பிரஸின் முதற் பதிப்பு வெளிவந்தது. பீ2 முறைமையை ஆக்கிய வால்திறீகியும் பின்னர் இதனைத் தம் ஆக்கத்தின் வழித்தோன்றலாக ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டிலே நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சி இதன் வளர்ச்சிக்குத் துணைசெய்தது. அக்காலத்திற் பெருவழக்கிலிருந்த மூவபிள் ரைப் என்னும் முறைமை திறந்த மூலமன்று. 2004 ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் உரிமையாளர் தம் மூன்றாம் பதிப்பின் உரிம விதிகளையும் கட்டணத்தையும் மாற்றியபோது, பயனாளர் பலர் வெறுப்புற்று வேர்ட்பிரஸை நாடினர். முலத்தைத் தொடாமலே புதிய வசதிகளைச் சேர்க்க உதவும் சொருகுநிரல் ஏற்பாடு அம்மாதத்திலேயே அதன்கண் வந்தமைந்தது. 2005 ஆம் ஆண்டிலே தோற்றத்தை எளிதில் மாற்றும் வார்ப்புரு ஏற்பாடு வந்தது. 2021 ஆம் ஆண்டளவில் உலக இணையத்தளங்களுள் ஏறத்தாழ 100 க்கு 40 இதன்மேல் இயங்கியதாக இத்துறைக் கணிப்பாளர் மதிப்பிட்டனர்.

இம்மூன்று வரலாறுகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. ஆக்கியோன் கைவிட்டாலும், உரிமையாளரோடு பிணக்கு ஏற்பட்டாலும், ஆக்கம் அழிந்துபோகவேண்டியதில்லை என்பதே அது. மூலத்தை மறைத்து வைத்த மென்பொருள் அதன் நிறுவனத்தோடு மடிந்துவிடலாம்; திறந்த மூலத்துக்கோ பிறிதொரு வாழ்வு கிடைக்க வழியுண்டு. ஆயினும், வழியுண்டு என்பதும் வாழ்வு உண்டு என்பதும் ஒன்றல்ல. பீ2 பிழைத்தது உரிமத்தால் மட்டுமன்று. அதனை எடுத்துவளர்க்க இருவர் முன்வந்தமையாலேயே அது பிழைத்தது. உரிமம் கதவைத் திறக்கும்; உள்ளே சென்று விளக்கேற்றுவோர் மனிதரேயாவர்.

இவ்வுண்மை முறைமைகளை ஆக்குவோர்க்கு மட்டுமன்றி, அவற்றைக்கொண்டு தளம் நடத்துவோர்க்கும் ஒக்கும். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15 ஆம் நாள் துருபல் முறைமையின் பாதுகாப்புக் குழுவினர் கடுமையான குறைபாடொன்றை வெளியிட்டு, அதற்குரிய திருத்தத்தையும் உடன் வழங்கினர். தரவுத்தளத்துக்குத் தீய கட்டளைகள் செல்லாதவாறு தடுத்தற்கென்றே அமைக்கப்பட்ட பகுதியிலேயே அக்குறை இருந்தது. திருத்தமோ ஒரு வரியளவினதே. ஆயின், திருத்தம் வெளியான சில மணித்தியாலங்களுள், தாமே இயங்கும் நிரல்களைக்கொண்டு திருத்தப்படாத தளங்களைத் தேடித் தாக்குவோர் எழுந்தனர். திருத்தம் வெளிவந்து ஏழு மணித்தியாலத்துள் அதனை ஏற்காத தளம் ஒவ்வொன்றும் பிறர் கைப்பட்டதாகவே கருதப்படவேண்டும் என்று அம்மாதம் 29 ஆம் நாள் அக்குழு அறிவித்தது. நிரலின் மூலம் எல்லார்க்கும் திறந்திருக்கும்போது திருத்தமும் எல்லார் கண்ணிலும் படும். நல்லோர் அதனைப் படித்துத் தம் தளத்தைக் காப்பர். தீயோர் அதனையே படித்துக் குறை எங்குள்ளது என்று அறிவர். இருவருள் யார் முந்துவார் என்பதே வினா.

இந்நிலையை உணர்ந்தே வேர்ட்பிரஸ் முறைமையினர் 2013 ஆம் ஆண்டு ஒக்டோபரில், சிறு திருத்தங்கள் தாமாகவே தளங்களிற் சென்று பொருந்தும் ஏற்பாட்டை அமைத்தனர். அதன் பயன் 2017 ஆம் ஆண்டிலே சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 26 ஆம் நாள் வெளிவந்த திருத்தத்திலே, பிறர் கட்டுரையை எவரும் மாற்றியெழுத இடந்தந்த பெருங்குறையொன்று நீக்கப்பட்டிருந்தது. தளங்கள் தாமாகத் திருந்துதற்குக் காலங்கொடுக்கும் பொருட்டு, அக்குறையைப் பற்றிய செய்தி பெப்ரவரி முதலாம் நாள்வரை வெளியிடப்படவில்லை. எண்ணற்ற தளங்கள் இதனாற் காப்பாற்றப்பட்டன. ஆயின், தானாகத் திருந்தும் ஏற்பாட்டை நிறுத்திவைத்திருந்த தளங்கள் பெருந்தொகையாகச் சிதைக்கப்பட்டன. முறைமை ஒன்றே; திருத்தமும் ஒன்றே; காத்தலிலேதான் வேறுபாடு.

காத்தலிற் சிறு திருத்தங்களன்றிப் பெருமாற்றங்களும் உள. துருபலின் ஏழாம் பதிப்பு 2011 ஆம் ஆண்டு ஜனவரியிலே வெளிவந்தது. 2015 ஆம் ஆண்டு நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பு சிம்பொனி என்னும் வேறோர் அடிப்படையைத் தழுவி மீள எழுதப்பட்டது. பழைய பதிப்புக்கென எழுதப்பட்ட துணைநிரல்கள் புதியதிற் பொருந்தவில்லை. எனவே, ஏழிலிருந்து எட்டுக்குச் செல்வது வீட்டைப் பழுதுபார்ப்பது போலாகாது, புதுவீடு கட்டிக் குடிபோவது போலாயிற்று. சிறிய நிறுவனங்கள் பல இதற்கு வேண்டிய பொருளும் ஆளும் இன்றிப் பழையதிலேயே தங்கின. அவற்றின் இடர் கண்டு ஏழாம் பதிப்பின் ஆதரவுக்காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஆம் ஆண்டு ஜனவரி 5 ஆம் நாளோடு முடிவெய்தியது. பழைய அமைப்பையே விரும்பினோர் சிலர் பாக்டிறொப் என்னும் தனிக்கிளையை வகுத்து, அதன் முதற் பதிப்பை 2015 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புதுமையை நாடுவதா, உள்ளதைப் பேணுவதா என்னும் பூசல் இத்துறையிலும் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

திறந்த மூலமாயின் எவர்க்கும் அடிமைப்படவேண்டியதில்லை என்று கூறுவோர் உளர். இக்கூற்று முற்றும் உண்மையன்று என்பதை 2024 ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டியது. வேர்ட்பிரஸ் நிரல் எல்லார்க்கும் உரியது. ஆயின், திருத்தங்களையும் சொருகுநிரல்களையும் தளங்களுக்கு அனுப்பும் மையத்தளம் முலன்வெக்கின் கட்டுப்பாட்டில் இருந்தது. வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடமளிக்கும் வணிகத்தை நடத்திவந்த டபிள்யூ.பி. எஞ்சின் என்னும் நிறுவனத்தோடு, வணிகக் குறியின் பயன்பாடு பற்றியும், பொதுவாக்கத்துக்கு அது ஆற்றும் பங்கு பற்றியும் அவர்க்குப் பிணக்கு உண்டாயிற்று. செப்டெம்பர் 25 ஆம் நாள் அந்நிறுவனத்தின் வழங்கிகளுக்கு மையத்தளம் அடைக்கப்பட்டது. பிணக்கிலே பங்கில்லாத தளங்கள் பலவும் திருத்தம் பெறும் வழியின்றித் தடுமாறின. ஒக்டோபரிலே வழக்குத் தொடரப்பட்டது. டிசம்பர் 10 ஆம் நாள் கலிபோர்ணிய மாநிலத்திலுள்ள கூட்டரசு நீதிமன்றம், தடையை நீக்குமாறு இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பொதுவாக்கத்தால் ஈட்டுவோர் அதன் வளர்ச்சிக்கு உழைப்பைத் திருப்பியளிக்கவேண்டும் என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஒருவர் கையிலுள்ள வாயில் பலர்க்கு அடைக்கப்படலாகாது என்னும் வாதத்திலும் நியாயம் உண்டு. நிரல் திறந்திருப்பது மட்டும் போதாது, அது வந்துசேரும் வழியும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இவ்வரலாற்றினின்றும் நம் கல்லூரிகளும், கழகங்களும், கோயில் அறங்காவலரும் கொள்ளத்தக்க முடிவுகள் சில உள. தளம் அமைக்க ஒதுக்கும் பணத்தோடு, ஆண்டுதோறும் அதனைக் காத்தற்கும் ஒரு தொகை ஒதுக்கப்படல் வேண்டும். தளத்தின் பெயர்ப்பதிவும் கடவுச்சொற்களும் தனியொருவர் பெயரில் இல்லாது நிறுவனத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். அவர் வெளிநாடு சென்றாலோ பணி நீங்கினாலோ தளம் பூட்டிய வீடாகிவிடலாகாது. சொருகுநிரல்கள் வேண்டிய அளவே இருத்தல் நன்று. ஒவ்வொன்றும் ஒரு புதிய வசதியாதல் போலவே காக்கப்படவேண்டிய ஒரு புதிய வாயிலுமாகும். தரவுத்தளத்துக்கும் படங்களுக்கும் காப்புப் படிகள் எடுத்து, வழங்கியினின்றும் வேறான இடத்தில் வைத்து, அவற்றிலிருந்து தளத்தை மீட்கக்கூடுமா என்று இடையிடையே சோதித்தல் வேண்டும். பெருந்திருத்தங்களை முதலிற் படியொன்றிற் செய்துபார்த்துப் பின்னரே மெய்த்தளத்திற் செய்தல் வேண்டும். இவை யாவும் ஓர் ஆசிரியரும் ஆர்வமுள்ள மாணாக்கர் சிலரும் கூடிச் செய்யத்தக்கனவே.

இம்முறைமைகளின் ஆக்கத்திலே நமக்கும் பங்குண்டு என்பதை மறத்தலாகாது. வேர்ட்பிரஸின் மொழிப்பட்டியலிலே தமிழுக்குரிய இடங்களுள், இலங்கைத் தமிழ் எனத் தனியாக ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. அதற்கான சொற்களை மொழிபெயர்ப்பது எந்த நிறுவனத்தின் ஊதியப் பணியுமன்று. தமிழறிவும் சிறிது ஓய்வும் உடைய எவர்க்கும் அக்கதவு திறந்தேயுள்ளது. முகாமைத்துவம் என்று நாம் வழங்குஞ் சொல்லைப் பிறர் மேலாண்மை என்பர். நம் வழக்கு அங்கு இடம்பெற வேண்டுமாயின், நாமே சென்று எழுதவேண்டும். பிறர் எழுதித்தருவர் என்று காத்திருத்தல் திறந்த மூலத்தின் இயல்புக்கு ஒவ்வாதது.

நம் முன்னோர் ஓலையில் எழுதினர். ஓலை சில நூற்றாண்டுகளிற் செல்லரித்து அழியும் என்பதை அவர் அறிவர். ஆகையால், பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். எந்நூலைப் படியெடுப்பார் இல்லையோ, அந்நூல் இன்று நம்மிடம் இல்லை. எவரும் படியெடுக்கலாம் என்னும் உரிமை அந்நூல்கள் எல்லாவற்றுக்கும் இருந்தது. படியெடுக்கும் கை சிலவற்றுக்கே வாய்த்தது. ஆக்கியவர் சிறிய பலகையொன்றாகத் தொடங்கியதையும், பிறிதொருவர் கைவிட்டுச் சென்றதையும் உலகளாவிய கருவிகளாக வளர்த்தவர் பெயரறியாத் தொண்டர் ஆயிரக்கணக்கினர். அவர் செய்த பெருந்தொழிலைச் சிறிய அளவிலே தன் தளத்துக்குச் செய்யக் கடமைப்பட்டோர் யாவர் என்பதை ஒவ்வொரு நிறுவனமும், திறப்புவிழாவுக்கு நாட்குறிக்கு முன்னரே, பெயர் சுட்டித் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.